காஓர் ஒயினும் வாத்துக் கறியும்: ஏழு பாட்டில்களின் குறிப்பு

சூப் கிண்ணத்தின் அடியில் இரண்டு கரண்டி மிச்சம் இருக்கும்போதே எங்கள் வீட்டு விருந்தாளி அதில் ஒயினை ஊற்றினார். ஒரு சுற்று சுற்றிவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே குடித்தார். பிரான்சின் தென்மேற்குக் கிராமங்களில் இதற்கு 'ஷாப்ரோ' என்று பெயர். தாத்தா வீட்டில் பார்த்தது, நகரத்துக்கு வந்த பிறகு யார் வீட்டிலும் செய்ததில்லை என்று சொன்னார். ஆறு வாரமாக நான் பட்ட பாடு வீண்போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

பட்ட பாடு என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. காஓர் என்ற ஊரின் சிவப்பு ஒயின், ஒரே ஒயின், ஒரே வருடம், ஆறு பாட்டில் வாங்கினேன், ஏழு திறந்தேன். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் காற்று பட, எதனுடன் வைத்தால் அது நன்றாக இருக்கும் என்று பார்த்ததுதான் வேலை. சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்து வைத்தவற்றை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் தூலூஸில் இருக்கிறோம். என் கணவருக்கு விமானத் தொழிற்சாலையில் வேலை. ஜனவரியில் அவருடைய சக ஊழியர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவர் காஓர் பக்கம், லோட் ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவர். தூலூஸிலிருந்து வடக்கே நூற்றுப் பத்து கிலோமீட்டர் இருக்கும். மண்சட்டியில் கஸூலே வைத்திருந்தார்கள்: வெள்ளை மொச்சை போன்ற பீன்ஸ், வாத்துக் கால், பன்றித் தொத்திறைச்சி எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் அடுப்பில் வெந்த சாப்பாடு. அதற்குத் தன் ஊர் ஒயினை ஊற்றினார். எனக்கு ஒயின் பழக்கம் அதிகம் இல்லை, அரைக் கோப்பைதான் குடித்தேன். ஆனால் அந்த அரைக் கோப்பை மனதில் தங்கிவிட்டது. நாவல்பழச் சாறு போல ஆழ்ந்த நிறம், பின்னால் அதிமதுரம், முடிவில் ஒரு பூ வாசனை. நாக்கில் பட்டு மெதுவாக இறங்கியது.

அந்த ஒயினுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1956 பிப்ரவரியில் விழுந்த உறைபனியில் காஓர் பக்கத்துத் திராட்சைக் கொடிகள் அனேகமாக முழுதும் பட்டுப்போயின. அவருடைய தாத்தாவின் தோட்டமும் அதில் போனது. திரும்ப நட்டு, பெயரை மீட்டு, 1971இல்தான் காஓர் ஒயினுக்குச் சட்டப்படியான பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் சிவப்பு ஒயினாக இருக்க வேண்டும், குறைந்தது 70 சதவீதம் மல்பெக் திராட்சை இருக்க வேண்டும். மிச்சத்துக்கு மெர்லோ, தனா இரண்டும் சேர்க்கலாம். மல்பெக் என்றால் இப்போது எல்லாரும் அர்ஜென்டினாவைச் சொல்கிறார்கள். அதன் சொந்த ஊர் இதுதான் என்று அவர் சொன்னபோது குரலில் கொஞ்சம் ஆதங்கம் இருந்தது.

வரும்போதே லேபிளைப் படம் எடுத்துக்கொண்டேன். ஆறு வாரம் கழித்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், இதே ஒயினை நான் ஊற்றுவேன் என்றும் சொல்லிவிட்டேன். எங்கள் பகுதி ஒயின் கடையில் அது கிடைத்தது. 2020 அறுவடை, 13.5 சதவீத ஆல்கஹால், பாட்டில் பதினொன்றரை யூரோ, ஆறாக வாங்கினால் 66.

முதல் பாட்டிலை அன்று மாலையே திறந்தேன். வீட்டில் மட்டன் சுக்கா செய்திருந்தேன், மிளகு தூக்கலாக, நாலு காய்ந்த மிளகாயும் போட்டு. கறிக்குச் சிவப்பு ஒயின் பொருந்தும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதனால் யோசிக்கவே இல்லை. ஹீட்டர் ஓடும் அறையில் நாள் முழுக்க அலமாரி மேல் இருந்த பாட்டில். திறந்து, தண்ணீர் குடிக்கும் டம்ளரில் ஊற்றி, ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின்.

வாய் எரிந்தது. மிளகாயின் காரத்தை ஆல்கஹால் ஊதிவிட்டது போல இருந்தது. அதற்கு மேல் துவர்ப்பு. பச்சை வாழைக்காய்த் தோலை நாக்கில் தேய்த்தால் எப்படிச் சொரசொரவென்று இழுக்குமோ அப்படி. பழ வாசனை எங்கே போனதென்றே தெரியவில்லை. என் கணவர் இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டார். கடையில் பழைய சரக்கைத் தந்துவிட்டார்கள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அது என் முதல் தப்பு.

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை டிகிரியில் குடித்தீர்கள்? திறந்து எவ்வளவு நேரம் ஆனது? எதனுடன் சாப்பிட்டீர்கள்? முதல் இரண்டுக்கும் என்னிடம் பதிலே இல்லை. மூன்றாவதற்கு மிளகாய் என்றதும் அவர் தலையை ஆட்டினார். காரத்துக்குத் துவர்ப்பு அதிகமுள்ள ஒயின் ஆகாது, அதற்குக் கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை ஒயின் எடுங்கள், இந்த ஒயினுக்கு முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள் என்றார். பதினான்கு யூரோவுக்கு ஊசி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். கறிக்கும் அதுதான், ஒயினுக்கும் அதுதான். ருசி பார்க்கவென்றே பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் சின்னக் கோப்பையும் ஆறு வாங்கினேன், ஒன்று மூன்று யூரோ. முட்டை வடிவத்தில் வாய் குறுகி இருக்கும், விளிம்பு வரை 215 மில்லி பிடிக்கும். ஆனால் ருசி பார்க்க 50 மில்லிதான் ஊற்ற வேண்டும். மிச்ச இடம் முழுக்க வாசனைக்கு. டம்ளரில் இல்லாத வாசனை அந்தக் கோப்பையில் இருந்தது. மொத்தச் செலவில் பணத்துக்கு மதிப்பாக இருந்தது இந்த 18 யூரோதான்.

இரண்டாவது பாட்டில் முழுக்கச் சூட்டுக்கு. அறையில் வைத்த பாட்டிலுக்குள் ஊசியை விட்டால் 24 டிகிரி. ஃபிரிட்ஜில் வைத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் 19, ஒரு மணி நேரத்தில் 17.5. மூன்று கோப்பையில் மூன்று சூடு: 24, 17, 12. ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுற்றி, ஒரு குவளையில் துப்பினேன். துப்புவதற்குக் கூச்சம் வேண்டாம், தொழில்முறையாக ருசி பார்ப்பவர்கள் எல்லாரும் துப்பத்தான் செய்கிறார்கள். இல்லாவிட்டால் நாலாவது கோப்பைக்குள் நாக்குக்கு ஒன்றும் தெரியாது.

24இல் மூக்கில் முதலில் ஏறுவது சாராய நெடி. 12இல் வாசனை மூடிக்கொண்டது, துவர்ப்பு மட்டும் கத்தி போல நின்றது. 17இல் பிளம், கொஞ்சம் வயலட் பூ, ஜனவரியில் குடித்ததன் சாயல். ஆனால் சாயல்தான். துவர்ப்பு இன்னும் தூக்கலாகவே இருந்தது. கோப்பையில் ஊற்றிய ஒயின் சூடான அறையில் இருபது நிமிடத்தில் மூன்று டிகிரி ஏறிவிடுகிறது என்பதையும் அன்றுதான் கவனித்தேன். அதனால் விருந்தன்று 16இல் மேசைக்குக் கொண்டுவந்தால் குடிக்கும்போது சரியாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டில் என்னை ஏமாற்றிவிட்டது. சூடு சரி, கோப்பை சரி. மூக்கை வைத்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. பழம் இல்லை, பூ இல்லை. நான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று நினைத்து ஜக்கில் ஊற்றி இரண்டு மணி நேரம் வைத்தேன். அட்டை வாசனை கூடியதே தவிர குறையவில்லை. கார்க்கை முகர்ந்தேன், அதிலும் அதே ஈர வாடை. பாட்டிலில் மிச்சத்தையும் கார்க்கையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: 'புஷோனே'. கார்க்கில் உண்டாகும் ஒரு ரசாயனம் ஒயினுக்குள் இறங்கிவிட்டது. குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதைச் சரிசெய்ய வழியும் இல்லை. மறுபேச்சு இல்லாமல் வேறு பாட்டில் தந்தார். அந்த வாசனையை ஒருமுறை அறிந்துகொண்டால் பிறகு மறக்காது. இனி விருந்துக்கு ஒரே ஒரு பாட்டிலை நம்பி உட்காரக் கூடாது என்பதும் அன்று கற்றுக்கொண்டதுதான்.

மாற்றாகக் கிடைத்த பாட்டிலைக் காற்றுக்கு ஒதுக்கினேன். முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஒயினைத் திறந்து 'மூச்சு விட' வைக்கிறேன் என்று கார்க்கை மட்டும் எடுத்துவிட்டுப் பாட்டிலை அப்படியே வைப்பதால் பிரயோஜனம் இல்லை. பாட்டில் கழுத்தில் காற்று படும் இடம் ஒரு நாணயம் அளவுதான். 750 மில்லியை மூன்றாகப் பிரித்தேன். 250 பாட்டிலிலேயே, 250 அகலமான கண்ணாடி ஜக்கில் ஒரு மணி நேரம், 250 இன்னொரு ஜக்கில் மூன்று மணி நேரம். கராஃப் என்று ஒயினுக்கெனத் தனியாக விற்கும் ஜாடி முப்பது யூரோவுக்கு மேல். தண்ணீர் ஜக்கே போதும், அடி அகலமாக இருந்தால் சரி.

பாட்டிலில் இருந்தது மாறவே இல்லை. ஒரு மணி நேர ஜக்கில் கருப்புப் பழ வாசனை மேலே வந்திருந்தது, துவர்ப்பு ஓரம் மழுங்கியிருந்தது. மூன்று மணி நேர ஜக்கில் துவர்ப்பு இன்னும் குறைந்தது, ஆனால் பூ வாசனை பறந்துவிட்டது. என் மூக்குக்கு ஒன்றரை மணி நேரம் சரியாகப் படும் என்று தோன்றியது. பின்னால் அப்படியே வைத்தேன், சரியாகவே இருந்தது. இது நாலு வயதான ஒயினுக்கு. பழைய ஒயினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதிகக் காற்று அதைச் சீக்கிரமே சோர வைத்துவிடும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு என் கணவர் சால்மன் வறுத்திருந்தார். மிச்ச ஒயின் இருக்கிறதே என்று அதனுடன் குடித்தோம். ஒரே வாயில் இரும்பை நக்கியது போல ஒரு சுவை, மீன் கொண்டுவந்த பையை முகர்ந்தது போல ஒரு வாடை. மீன் புது மீன்தான், தனியாகச் சாப்பிட்டால் குறையே இல்லை. ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேரும்போது இந்த வாடை கிளம்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டிருக்கிறார்கள். மீனுக்குச் சிவப்பு கூடாது என்று சொல்வது வெறும் சம்பிரதாயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நாலு பாட்டில் திறந்தாயிற்று. சூடு தெரிந்தது, காற்று தெரிந்தது. ஆனாலும் ஜனவரியில் குடித்த அந்தக் கோப்பை வரவில்லை. எங்கள் மாடிக்கு மேல்மாடியில் காரைக்கால்காரர் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதுக்கு மேல். எங்களுக்கு அவர் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இதை எல்லாம் சொன்னேன். அவர் நாற்பது வருடமாக இந்த ஊர் ஒயினைக் குடித்து வருபவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல நாவப்பழம் தின்னிருக்கியாம்மா?" என்றார்.

"தின்னிருக்கேன் மாமா."

"வெறுமன தின்னா நாக்கு என்ன ஆவும்? உப்பு போட்டுக் குலுக்கித் தின்னா என்ன ஆவும்?"

சட்டென்று புரிந்தது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் நாவல்பழம் விற்கும் பாட்டி, காகிதப் பொட்டலத்தில் பழத்தைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மூடிக் குலுக்கித்தான் தருவார். உப்பு பட்டதும் துவர்ப்பு அடங்கி இனிப்பு எழும். வாழைப்பூவை ஆய்ந்தவுடன் மோரில் போடுகிறோமே, அதுவும் ஞாபகம் வந்தது. கருக்காமல் இருக்கப் போடுவதாகச் சொல்வார்கள், ஆனால் மோரில் கிடந்த பூவுக்குத் துவர்ப்பும் பாதியாகிவிடும். மோரில் இருக்கும் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. கறியின் புரதமும் ஒயினின் துவர்ப்பை அப்படித்தான் பிடிக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் துவர்ப்பைச் சுவையாகவே எண்ணுவதில்லை, வாயில் ஏற்படும் ஒரு உணர்ச்சி என்கிறார்கள். நாம் அறுசுவையில் ஒன்றாக வைத்து, அதை அடக்கும் வழியையும் சமையலறையிலேயே வைத்திருக்கிறோம். நான்கு வாரமாக நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது பாட்டிலை அதற்குத்தான் திறந்தேன். வெள்ளை பீன்ஸை உப்பு போடாமல் வேகவைத்து, ஏழு சின்னக் கிண்ணத்தில் மூன்று மூன்று மேசைக்கரண்டி வைத்தேன். ஒன்று வெறும் பீன்ஸ். மற்றவற்றில் ஒவ்வொன்று: இரண்டு சிட்டிகை உப்பு, அரைக் கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி தேன், ஒரு கரண்டி வாத்துக் கொழுப்பு, கால் கரண்டி மிளகாய்த் தூள், கடைசிக் கிண்ணத்தில் உப்பும் வாத்துக் கொழுப்பும் சேர்த்து. மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு கரண்டி பீன்ஸ், ஒரு வாய் ஒயின், ஒரு வாய் தண்ணீர்.

வெறும் பீன்ஸோடு ஒயின் முரடாக இருந்தது. உப்புக் கிண்ணத்தில் அதே ஒயின் வேறு ஒயினாகிவிட்டது. துவர்ப்பு பின்னால் போய், பழம் முன்னால் வந்தது. எலுமிச்சையோடு புளிப்புக் குறைந்து மென்மையாகத் தெரிந்தது, ஆனால் கொஞ்சம் சப்பென்று ஆனது. தேனோடு மோசம். உணவு இனித்ததால் ஒயின் புளித்தும் கசந்தும் போனது. மிளகாய்த் தூளோடு முதல் நாள் எரிச்சல் அப்படியே திரும்ப வந்தது, மாமா அதை ஒரு கரண்டியோடு தள்ளிவைத்தார். வாத்துக் கொழுப்பு மட்டும் போட்டதில் நாக்கில் வழவழப்பு இருந்ததே தவிர ஒயின் பெரிதாக மாறவில்லை. இது எனக்கு வியப்பு, கொழுப்புதான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். ஆனால் உப்பும் கொழுப்பும் சேர்ந்த கடைசிக் கிண்ணத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டு, "இதாம்மா" என்றார். ஜனவரிக் கோப்பை அதில்தான் இருந்தது. கஸூலே என்பதே உப்பும் கொழுப்பும் பீன்ஸும்தானே!

அப்படியானால் நானும் கஸூலேயே செய்திருக்கலாம். ஆனால் அந்த ஊரில் பிறந்தவருக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டையே சுமாராகச் செய்து போட மனம் வரவில்லை. வாத்து நெஞ்சுக் கறி, அதாவது மக்ரே செய்வதென்று தீர்மானித்தேன். கல்லீரலுக்காகக் கொழுக்க வளர்த்த வாத்தின் நெஞ்சு அது, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு. அதை மாட்டுக் கறி போல உள்ளே சிவப்பாக விட்டு வாட்டும் பழக்கத்தை, இங்கிருந்து மேற்கே உள்ள ஓஷ் ஊரின் சமையல்காரர் அந்த்ரே தகேன்தான் 1950களின் கடைசியில் பரப்பினார்.

ஒத்திகைக்கு ஒரு மக்ரே வாங்கினேன், 380 கிராம், எட்டரை யூரோ. தேன் கிண்ணம் அத்தனை தெளிவாகச் சொல்லியும் நான் கேட்கவில்லை. வாத்துக்கு அத்திப்பழச் சாஸ் ஊற்றிய படம் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, அத்திப்பழ ஜாம் இரண்டு கரண்டி போட்டுச் சாஸ் செய்தேன். தட்டில் அழகாக இருந்தது. ஆறாவது பாட்டிலைத் திறந்து குடித்தால் கசந்தது. சாஸை வழித்துவிட்டுக் கறியை மட்டும் உப்பு தொட்டுச் சாப்பிட்டால் நன்றாகவே இருந்தது. கறியில் ஒரு தவறு: சூடான தவாவில் போட்டதால் கொழுப்பு உருகுவதற்குள் தோல் கருகிவிட்டது. நடுவில் 63 டிகிரி ஆகி, பழுப்பாகவும் வறட்சியாகவும் இருந்தது.

விருந்துக்கு முந்தின நாள் விக்தோர் யூகோ சந்தையில் மூன்று மக்ரே வாங்கினேன், ஒரு கிலோ நூறு கிராம், 24 யூரோ. கொழுப்பின் மேல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கீறினேன். கத்தி கறியைத் தொடக் கூடாது, தொட்டால் சாறு அந்த வழியாக ஓடிவிடும். எடையில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், மொத்தம் 11 கிராம் உப்பைத் தடவி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்தேன். மேலே தூவிய உப்பு நாக்கில் முதலில் பட்டு உடனே போய்விடும். இரவில் உள்ளே இறங்கிய உப்பு ஒவ்வொரு மெல்லலிலும் வரும். ஒயினுக்கு அதுதான் தேவை.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஒயினை ஃபிரிட்ஜில் வைத்தேன். ஆறரைக்குத் திறந்து, முகர்ந்து, அட்டை வாசனை இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஜக்கில் ஊற்றினேன். பிறகு ஜக்கைப் பால்கனியில் வைத்தேன். வெளியே 11 டிகிரி. நடுவில் இரண்டு முறை ஊசியை விட்டுப் பார்த்து, 16க்கு வந்ததும் உள்ளே எடுத்து, ஹீட்டர் இல்லாத நடைவழியில் வைத்துவிட்டேன். காஓர்க்காரரும் அவர் மனைவியும், நாங்கள் இருவர், மாமா, ஆக ஐந்து பேர்.

முதலில் சூப். 300 கிராம் வெள்ளை பீன்ஸ் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தது, லீக், கேரட், முட்டைகோஸ், கொழுப்பில் பதப்படுத்திய ஒரு வாத்துக் கால், எல்லாம் ஒன்றரை மணி நேரம் மெல்லிய தீயில். உப்பைச் சற்றுத் தாராளமாகவே போட்டேன். அந்தக் கிண்ணத்தில்தான் அவர் ஒயினை ஊற்றினார். மாமாவும் உடனே ஊற்றிக்கொண்டார், அப்புறம் நானும். வெதுவெதுப்பான உப்புச் சாறு, மேலே மிதக்கும் கொழுப்புப் புள்ளிகள், அதில் கருஞ்சிவப்பாகக் கலங்கிய ஒயின். பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். வாயில் துவர்ப்பே இல்லை, பழமும் பூண்டு வாசனையும்தான். ஏழு பாட்டிலில் நான் குடித்ததிலேயே மென்மையான மடக்கு அது.

மக்ரேவைக் குளிர்ந்த தவாவில் கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, நடுத்தரத்துக்கும் கீழான தீயில் பத்து நிமிடம். உருகிய கொழுப்பை இரண்டு முறை ஒரு கிண்ணத்தில் வடித்தேன், கிட்டத்தட்ட 180 மில்லி. அந்தக் கொழுப்பில் பாதியைக் கொண்டு உருளைக்கிழங்கையும் பூண்டையும் வதக்கினேன், மிச்சம் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. திருப்பிப் போட்டு நாலு நிமிடம். ஊசி 54 காட்டியதும் இறக்கி, தட்டு போட்டு மூடி ஆறு நிமிடம் ஓய்வு. வெட்டும்போது 57. ரோஜா நிறம், சாறு பலகையில் ஓடவில்லை. சாஸுக்குச் சின்ன வெங்காயம், ஊறவைத்த 20 கிராம் உலர்ந்த செப் காளான், முந்தைய பாட்டிலில் மிஞ்சிய 100 மில்லி ஒயின், 150 மில்லி கறிச் சாறு. மூன்றில் ஒரு பங்காக வற்றவைத்து, முடிவில் வெண்ணெய் ஒரு துண்டு. இனிப்பு எதுவும் சேர்க்கவில்லை. மிளகு ஒரு சுற்று மட்டும்.

அவர் ஒரு துண்டு கறி சாப்பிட்டு, ஒரு மடக்கு குடித்து, கோப்பையைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார். எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்று கேட்டார். ஆறரை என்றேன். தலையசைத்துவிட்டு மறுபடி குடித்தார். அந்தக் கேள்வி எனக்குப் பெரிய சந்தோஷம்.

சீஸில் சறுக்கிவிட்டேன். இந்தப் பக்கத்துப் பெருமை என்று ரோக்ஃபோர் என்ற நீலப் பூஞ்சைச் சீஸ் வாங்கி வைத்திருந்தேன். உப்பு நிறைய உள்ள சீஸ்தானே, பொருந்தும் என்று என் கணக்கு. அந்த நீலப் பூஞ்சையின் காரம் ஒயினைக் கசப்பாக்கி, வாயில் உலோகச் சுவையை விட்டது. அவர் மனைவி நயமாக, ரோக்ஃபோருக்கு இனிப்பான வெள்ளை ஒயின்தான் நாங்கள் வைப்போம் என்றார். நல்ல வேளையாக ஃபிரிட்ஜில் பழைய கான்தால் சீஸ் ஒரு துண்டு இருந்தது. கெட்டியானது, உப்பும் கொழுப்பும் உள்ளது. அதனோடு கடைசி ஒயினும் நன்றாக முடிந்தது.

செலவு: ஒயின் 66, கோப்பைகள் 18, தெர்மாமீட்டர் 14, ஒத்திகைக் கறி 8.50. விருந்துக்கு மக்ரே 24, பீன்ஸ் 3, வாத்துக் கால் 5, காய்கறியும் காளானும் 11, சீஸ் 9. மொத்தம் 158 யூரோ 50. சோதனையில் மிஞ்சிய ஒயின் வீணாகவில்லை. கால் லிட்டர் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்குகிறது. பாதி நிரப்பிய பெரிய பாட்டிலில் மறுநாளே வாசனை போய்விட்டது.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். முதலில் தட்டில் தொடங்குவேன். ஏழு கிண்ணச் சோதனையை முதல் பாட்டிலிலேயே செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். ஐந்து பேருக்கு இரண்டு பாட்டில் வைப்பேன். குடிப்பதற்கு ஒன்றே போதும், இரண்டாவது கார்க் பயத்துக்கு. உப்பை 11இலிருந்து 10 கிராமாகக் குறைப்பேன். காளான் சாஸோடு சேர்ந்தபோது ஓரத் துண்டுகள் சற்றுக் கரித்தன. சூப்பை இன்னும் ஆழமான கிண்ணத்தில் பரிமாறுவேன், ஆழம் குறைந்த கிண்ணத்தில் ஷாப்ரோ செய்தால் மேசைத்துணி தாங்காது.

காஓரிலேயே ஆற்றோரச் சரளை மண்ணில் விளைவது ஒன்று, மேலே சுண்ணாம்புக் கல் மேட்டில் விளைவது ஒன்று. இரண்டும் வேறு மாதிரி இருக்கும் என்று அவர் கிளம்பும்போது படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறேன், 12 யூரோ ஒன்று, 16 யூரோ ஒன்று. நடைவழி அலமாரியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்திருக்கிறேன், அங்கே பகலிலும் 16 டிகிரிதான். பீன்ஸ் இன்று இரவு ஊறவைக்க வேண்டும். மாமா காலையிலேயே இரண்டு முறை கேட்டுவிட்டார்.